நாட்டை விட்டுக் கடலை எடுத்துக்கொண்ட வரலாற்றாசிரியர்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் சுங்கை சிப்புட் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது ஒரே ஒரு தேதி: 1948 ஜூன் 16. அன்று எல்பில் தோட்டத்திலும் பக்கத்திலிருந்த இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்தது. அத்துடன் நம் ஊர் புத்தகத்திலிருந்து இறங்கிவிடுகிறது. அந்தத் தோட்டங்களில் ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்பதெல்லாம் அந்தத் தேதிக்குள் இல்லை.

ஊருக்குள் கேட்டால் வேறு கதை கிடைக்கும். இன்னார் குடும்பம் சேலத்துப் பக்கம், இன்னார் திருச்சிப் பக்கம், அந்தக் கங்காணி ஒரே கிராமத்திலிருந்து ஆள் சேர்த்துக்கொண்டு வந்தவர், இந்தத் துரை நல்லவர், அந்தக் கிராணி (தோட்டத்து எழுத்தர்) பொல்லாதவர் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டே போவார்கள். இந்தக் கதைகளில் பல உண்மைகள் இருக்கின்றன. ஆனால் இவை பாடநூலில் உள்ள தேதியோடு எங்கேயும் முட்டுவதில்லை. இது ஒரு பக்கம், அது ஒரு பக்கம்.

இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வைப்பதுதான் பல்கலைக்கழக வரலாற்றாசிரியரின் வேலை. இங்கே ஐந்தாம், ஆறாம் படிவம் படிக்கும் பிள்ளைகளில் பலர் அவரை 'நிறையத் தேதி மனப்பாடம் செய்தவர்' என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நினைப்பைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது சுனில் அம்ரித் என்பவரை. காரணம் எளிது: அவர் எழுதிய விஷயங்களில் நாமும் இருக்கிறோம்.

முதலில் வேலையைப் பார்ப்போம். தோட்டத்து அலுவலகத்தில் செக்ரோல் என்று ஒரு பெரிய பேரேடு வைத்திருப்பார்கள். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு, வந்தவர்களைக் கிராணி குறித்துக்கொள்வார். ஒரு பக்கம் எண்ணும் பெயரும். எதிரே மாதத்தின் நாள்களுக்கான கட்டங்கள். முழு நாளுக்கு ஒரு குறி, அரை நாளுக்கு ஒரு குறி, வராதவருக்கு வெற்றுக் கட்டம். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்து, முன்பணத்தைக் கழித்து, கைக்கு இவ்வளவு என்று எழுதுவார்கள். இப்படி ஒரு பழைய பக்கம் நம் கையில் கிடைத்தால் நாம் என்ன செய்வோம்? தாத்தாவின் பெயரைத் தேடுவோம். கிடைத்தால் படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்புவோம். வரலாற்றாசிரியரும் பெயரைப் பார்ப்பார். ஆனால் அவர் முதலில் கேட்பது, இந்தப் பக்கம் எதற்காக எழுதப்பட்டது என்பதை. சம்பளம் போடுவதற்காக. ஆகவே நாள் கணக்கில் கிராணி கவனமாக இருந்திருப்பார். பெயரின் எழுத்தில் அவ்வளவு கவனம் இருந்திருக்காது. பெயர்களை நம்புவதைவிடக் கட்டங்களைக் கூடுதலாக நம்பலாம்.

அடுத்தது அந்த வெற்றுக் கட்டங்கள். ஒருவருக்கு மட்டும் நாலைந்து நாள் விடுபட்டிருந்தால் காய்ச்சலாக இருக்கலாம். ஒரு பெண்ணுக்குத் தொடர்ந்து பல நாள் விடுபட்டிருந்தால் பிரசவமாக இருக்கலாம். ஒரே நாளில் பக்கம் முழுவதும் வெறுமையாகக் கிடந்தால்? மழையா, வேலைநிறுத்தமா? மழை பெய்தால் பால் வெட்ட முடியாது என்பது நமக்குத் தெரியும். லண்டனில் உட்கார்ந்து படிப்பவருக்கு அதை ஒருவர் சொல்ல வேண்டும். சந்தேகம் தீர மழைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும், தொழில் இலாகாவின் ஆண்டறிக்கையைப் பார்க்க வேண்டும், 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' போன்ற பத்திரிகையின் அந்த வாரத்து இதழைப் புரட்ட வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் எழுதலாம். ஒத்துப்போகவில்லை என்றால் அந்த முரண்பாட்டையே எழுதலாம். எழுதியதன் கீழே எந்தக் காப்பகம், எந்தக் கோப்பு, எந்தப் பக்கம் என்று அடிக்குறிப்பு போட வேண்டும். நாளைக்கு இன்னொருவர் அதே கோப்பைத் திறந்து 'நீங்கள் சொன்னது தவறு' என்று சொல்ல வழி இருக்க வேண்டும். புத்தகமோ கட்டுரையோ வெளிவருவதற்கு முன் அதே துறையில் உள்ளவர்கள் படித்துக் குறை சொல்வார்கள். சொல்ல வேண்டும் என்பதே ஏற்பாடு. காப்பிக் கடையில் வரலாறு பேசுகிறவருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

ஆனால் இதெல்லாம் கைவேலை. வரலாற்றாசிரியர்களில் பெரியவர், சிறியவர் என்ற வித்தியாசம் இதற்கு முன்பே, எங்கே கோடு போடுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் வந்துவிடுகிறது. தனக்கென்று ஒதுக்கிய மர வரிசையை, அதாவது நிரையைப் பிடித்து வெட்டுகிறவருக்குத் தன் மரங்கள் ஒவ்வொன்றும் தெரியும்; மேற்பார்க்கும் மண்டோருக்கு அந்த வெட்டு முழுவதும் தெரியும்; இருவருமே பார்ப்பது ஒரே தோட்டத்தைத்தான். வரலாற்றிலும் அப்படித்தான். ஒரு தோட்டத்தைச் சுற்றிக் கோடு போட்டால் ஒரு கதை தெரியும், பேராக் மாநிலத்தைச் சுற்றிப் போட்டால் இன்னொன்று, மலேசியாவைச் சுற்றிப் போட்டால் வேறொன்று.

நாட்டைச் சுற்றிக் கோடு போடுவது நமக்கு இயல்பாகிவிட்டது. மலேசிய வரலாறு, இந்திய வரலாறு, இலங்கை வரலாறு, பர்மா வரலாறு என்று தனித்தனிப் புத்தகங்கள். இதில் தோட்டத்துத் தமிழர்கள் எங்கே நிற்கிறார்கள்? இந்திய வரலாற்றில் 'வெளியே போனவர்கள்' என்று ஒரு பத்தி. மலேசிய வரலாற்றில் 'உள்ளே வந்தவர்கள்' என்று ஒரு பத்தி. இரண்டிலும் ஓரத்தில்தான் இடம்.

சுனில் அம்ரித் செய்தது, கோட்டை வங்கக் கடலைச் சுற்றிப் போட்டது. நாகப்பட்டினம், சென்னை, கல்கத்தா, ரங்கூன், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர், கொழும்பு எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. அப்படிப் பார்க்கும்போது தோட்டத்துத் தமிழர் ஓரத்து ஆள் இல்லை. கதையின் நடுவில் இருக்கிறார். 2013இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'கிராஸிங் த பே ஆஃப் பெங்கால்' என்ற அவருடைய புத்தகத்தின் அடிப்படை இதுதான்.

கடலை வைத்து வரலாறு எழுதுவது அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. பிரான்ஸைச் சேர்ந்த ஃபெர்னான் பிரோதெல், மத்தியதரைக் கடலை மையமாக வைத்து எழுதிய பெரிய நூல் 1949இல் வந்தது. அதன் வரைவை அவர் ஜெர்மானியரின் போர்க்கைதி முகாமில் இருந்தபடி எழுதினார். கரையோர நாடுகளின் மன்னர்களைவிட காற்று, மலை, கப்பல், தானியம் ஆகியவை அதிகம் பேசும் புத்தகம் அது. அம்ரித் அந்த வழியில் வந்தவர். ஆனால் அவருடைய கடலில் கூலிக்காரர்கள் நிறையப் பேர் பயணம் செய்கிறார்கள்.

அவரைப் பற்றிச் சுருக்கமாக: தென்னிந்தியப் பெற்றோருக்கு 1979இல் கென்யாவில் பிறந்தார், சிங்கப்பூரில் வளர்ந்தார், கேம்பிரிட்ஜில் படித்து அங்கேயே முனைவர் பட்டம் பெற்றார். லண்டனில் பெர்க்பெக் கல்லூரியிலும், பிறகு ஹார்வர்டிலும் கற்பித்தார். 2020 முதல் யேல் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். முதல் புத்தகம் 2006இல் வந்தது. 1930 முதல் 1965 வரை இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பொதுச் சுகாதாரம் எப்படி வளர்ந்தது என்பதைப் பற்றியது. 2011இல் நவீன ஆசியாவின் குடிபெயர்வு பற்றி ஒரு நூல். வங்கக் கடல் மூன்றாவது.

அந்த மூன்றாவதில் உள்ள ஒரு கணக்கு, நம் குடும்பக் கதைகளையே புரட்டிப் போடக்கூடியது. 1840க்கும் 1940க்கும் இடையில் இந்தியாவிலிருந்து இலங்கைக்குச் சுமார் 80 லட்சம் பயணங்கள், மலாயாவுக்கு 40 லட்சம், பர்மாவுக்கு 120 முதல் 150 லட்சம் வரை. போனவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மூன்றிலிருந்து ஏழு ஆண்டுகளுக்குள் திரும்பிவிட்டார்கள். கொஞ்சம் நிதானித்து யோசியுங்கள். 'தாத்தா கப்பல் ஏறி வந்தார், இங்கேயே இருந்துவிட்டார்' என்றுதான் நாம் எல்லோரும் சொல்கிறோம். அது உண்மைதான், ஏனென்றால் இருந்துவிட்டவரின் பேரப்பிள்ளைகள்தாம் இங்கே கதை சொல்ல இருக்கிறோம். திரும்பிப் போனவரின் பேரன் தஞ்சாவூர்ப் பக்கம் எங்கேயோ இருக்கிறான். அவனுக்குச் சுங்கை சிப்புட் என்ற பெயரே தெரியாமல் இருக்கலாம். அந்தக் காலத்தில் இங்கேயே தங்கிவிடுவதுதான் குறைவாக நடந்தது. நாட்டுக் கோட்டுக்குள் நின்றுகொண்டு பார்த்தால் இது கண்ணில் படாது; கடலை முழுதாகப் பார்த்தால்தான் போக்கும் வரவும் சேர்ந்து தெரியும்.

பயணங்கள் ஏன் இவ்வளவு பெருகின? இங்கே அவர் காற்றையும் மழையையும் கொண்டுவருகிறார். பாய்மரக் காலத்தில் பருவக்காற்றுதான் நாள்காட்டி. எப்போது போகலாம், எப்போது திரும்பலாம் என்பதைத் தென்மேற்குக் காற்றும் வடகிழக்குக் காற்றும் தீர்மானித்தன. நீராவிக் கப்பல் வந்ததும் கடலில் அந்தத் தடை தளர்ந்தது. நிலத்தில் மட்டும் மழை பொய்த்தால் பஞ்சம் என்ற நிலை அப்படியே இருந்தது. ஒரு கரையில் மழைக்காகக் காத்திருக்கும் வயல், மறுகரையில் ஆளுக்காகக் காத்திருக்கும் காடு, நடுவில் நேரத்துக்குப் புறப்படும் கப்பல். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் நம் வீட்டுப் பெரியவர்களின் முகம் மாறும்.

இந்த இடத்தில் வரலாற்று முறைக்கு ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. 1877இல் நமக்குப் பக்கத்திலுள்ள கோலகங்சாரில் ரப்பர் நாற்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரத்தை இன்றும் அங்கே வேலி போட்டுக் காட்டுகிறார்கள். அதே 1877இல் கடலுக்கு அந்தப் பக்கம், சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம் உச்சத்தில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் 'பஞ்சத்தில் அடிபட்டவர்கள் ரப்பர் வெட்ட வந்தார்கள்' என்று எழுதக் கை பரபரக்கும். எழுதக் கூடாது. கோலகங்சாரில் நட்டது வெறும் சோதனை. மலாயாவில் ரப்பர் பெரும் தோட்டத் தொழிலானது இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில், மோட்டார் கார் பெருகிய பிறகு. 1877இல் இங்கு வந்த தமிழர்கள் பலர் புரோவின்ஸ் வெல்லெஸ்லியின் (இன்றைய செபராங் பிறை) கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். ஒரே ஆண்டில் நடந்தவை என்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது.

இதே காரணத்துக்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் மேடைகளில் 1025இல் ராஜேந்திர சோழன் கடாரத்தின்மேல் படையெடுத்ததைச் சொல்லி, அங்கிருந்து நேராகப் பால்வாளிக்குத் தாண்டிவிடுவார்கள். நடுவில் தொள்ளாயிரம் ஆண்டுகள் இருக்கின்றன. சோழர் கப்பலுக்கும் கங்காணி சேர்த்த கூட்டத்துக்கும் பொதுவானது கடல் ஒன்றுதான். பெருமை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், வரலாறாக ஒட்டாது.

காரணங்களுக்குத் திரும்புவோம். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் மலாயாவுக்கு நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே கங்காணி முறை வலுவாகிவிட்டது: தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் உரிமத்தோடு தன் ஊருக்குப் போய், உறவிலும் சாதியிலும் தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு வருவார், வந்த தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. 1907இல் தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்துத் தமிழர் குடிவரவு நிதி ஒன்றை அமைத்தார்கள். கப்பல் கட்டணம் அதிலிருந்து போயிற்று. 1930களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்ததும் ஆயிரக்கணக்கானவர்களை அதே கப்பல்களில் திருப்பி அனுப்பினார்கள். 1938இல் இந்திய அரசு, மலாயாவுக்கு உதவிப்பணத்தோடு தொழிலாளர்கள் போவதைத் தடை செய்தது. பிறகு ஜப்பானியர் ஆட்சிக் காலம், தொழிலாளர்களைப் பலிவாங்கிய சயாம் மரண ரயில் பாதை. போருக்குப் பிறகு புதிய நாடுகள், புதிய எல்லைகள், பாஸ்போர்ட், அடையாள அட்டை. நூறு ஆண்டுகளாகப் பாதையாக இருந்த கடல் இருபதே ஆண்டுகளில் வேலியாகிவிட்டது. அம்ரித்தின் முக்கியமான வாதம் இங்கேதான் இருக்கிறது: வங்கக் கடல் என்பது ஒரு காலத்தில் ஒரே வட்டாரமாக இருந்தது என்பதையே, அதை உடைத்த நாடுகள் மறக்கடித்துவிட்டன.

மறக்கடித்ததில் காகிதங்களுக்கும் பங்கு உண்டு. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவரைப் பற்றிய கோப்பு சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கும். பினாங்கில் இறங்கிய அதே மனிதரைப் பற்றிய கோப்பு கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம். லண்டனில்கூட இந்தியாவை ஆண்ட அலுவலகத்தின் தாள்கள் ஒரு கட்டடத்தில், மலாயாவை ஆண்ட அலுவலகத்தின் தாள்கள் இன்னொன்றில். ஒரே பயணம், இரண்டு கரை, மூன்று நான்கு காப்பகம். ஒரு காப்பகத்தோடு நின்றுகொள்கிறவர் அந்த நாட்டுக் கோட்டுக்குள்ளேயே நின்றுவிடுவார். அதைத் தாண்ட உழைப்பும் வேண்டும், பல நாடுகளுக்குப் போய்வரப் பணமும் வேண்டும். இங்குள்ள ஆய்வு மாணவருக்கு அந்த வசதி எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அம்ரித்துக்கு முன்னால் இந்த வழியில் நடந்தவர்களும் உண்டு. கேர்னியல் சிங் சந்து 1969இல் வெளியிட்ட 'இண்டியன்ஸ் இன் மலாயா' புள்ளிவிவரத்தால் கட்டிய வீடு. யார் எவ்வளவு பேர் எந்த ஆண்டு வந்தார்கள் என்ற கேள்விக்கு இன்றும் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சின்னப்பா அரசரத்தினம், 1970இல் மலேசிய, சிங்கப்பூர் இந்தியர்களின் சமூகத்தையும் அரசியலையும் எழுதினார். பேராக் கம்பாரில் பிறந்த கூ கேய் கிம், 1850 முதல் 1873 வரையிலான மேற்குக் கரை மலாய் மாநிலங்களை ஆராய்ந்து, வணிகம் அரசியலை எப்படி மாற்றியது என்று காட்டினார். ஒவ்வொருவரும் கோட்டை வேறு வேறு இடத்தில் போட்டார்கள்.

கடல் கோட்டிலும் குறை உண்டு. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் அசைகிறவர்கள் தெரிவார்கள், அசையாதவர்கள் மங்கிப்போவார்கள். 1938க்குப் பிறகு வருவதும் இல்லை, போவதும் இல்லை என்று லயத்து வீட்டிலேயே மூன்று தலைமுறை கழித்தவர்களின் கதை, கடலைவிட நிலத்தைப் பற்றியது. வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது வேலையும் வீடும் ஒன்றாகப் போனது. 1960இல் நம் ஊர்க்காரரான துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு தவணைகளைச் சேர்த்தே தோட்டங்களை வாங்கினார். பிறகு ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டார்கள். ஆயாக்கொட்டகை என்ற தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில் பிள்ளையை விட்டுவிட்டு இருட்டில் காட்டுக்குப் போன பெண்களின் உழைப்பு, லயத்துக்குள் இருந்த சாதிப் பிரிவு, கள்ளுக்கடை, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆகியவற்றை எழுத ஒரு தோட்டத்தைச் சுற்றிச் சின்னதாகக் கோடு போடுகிற ஆள் வேண்டும். அம்ரித் அந்த வேலைக்கு வரவில்லை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் எழுதிவிட்டதால் நம் வரலாறு எழுதப்பட்டுவிட்டது என்று யாரும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட வேண்டாம்.

விருதுகளைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் ஒரு வரி. வங்கக் கடல் நூலுக்கு அமெரிக்க வரலாற்றுக் கழகத்தின் ஜான் ரிச்சர்ட்ஸ் பரிசு. 2016இல் இன்ஃபோசிஸ் பரிசு. 2017இல் அமெரிக்காவின் மெக்கார்தர் நிதி. 2022இல் நெதர்லாந்தின் ஹைனெகன் வரலாற்றுப் பரிசு. 2024இல் ஜப்பானின் ஃபுகுவோகா பரிசு. இவற்றில் மெக்கார்தர் கொஞ்சம் வேடிக்கையானது. அதற்கு யாரும் விண்ணப்பிக்க முடியாது; ஒருநாள் தொலைபேசி வரும், ஐந்து ஆண்டுகளில் இவ்வளவு டாலர் (2017இல் அது 6,25,000), கணக்குக் கேட்க மாட்டோம் என்பார்கள். மேலே சொன்ன மூன்று நான்கு காப்பகங்களுக்கு அலைய எவ்வளவு ஆகும் என்று யோசித்தால் இப்படிப்பட்ட பணம் எங்கே போய்ச் சேரும் என்பது புரியும்.

வங்கக் கடலுக்குப் பிறகு அவருடைய கோடு இன்னும் விரிந்தது. 2018இல் வந்த 'அன்ரூலி வாட்டர்ஸ்' ஆசியாவின் மழை, ஆறு, அணைக்கட்டு பற்றியது. 2024இல் வந்த 'த பர்னிங் எர்த்' கடந்த ஐந்நூறு ஆண்டுகளில் மனிதர்கள் பூமியை என்ன செய்தார்கள் என்று கேட்கிறது. என் கணிப்பில், கோடு விரிய விரிய மனிதர்களின் முகங்கள் குறைகின்றன. ஆகவே முதன்முதலில் படிப்பவர் வங்கக் கடல் நூலிலிருந்தே தொடங்கட்டும். ஆங்கிலம் கடினமில்லை, ஆறாம் படிவ மாணவர் அகராதி இல்லாமலே பெரும்பகுதியைக் கடந்துவிடலாம். முன்னுரை முடிந்ததும் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றிய பகுதிக்குத் தாவினால் தப்பில்லை. படிக்கும்போது ஒவ்வோர் அத்தியாயத்தின் அடிக்குறிப்பையும் ஒருமுறை பாருங்கள். எந்த ஊர்க் காப்பகம் எந்தச் செய்திக்கு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் அவர் எப்படி வேலை செய்தார் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய செம்பனைத் தோட்டத்துக்குள் போனால், குலை வெட்டிக்கொண்டிருப்பவர் வங்காளதேசத்திலிருந்து வந்தவராக இருக்கக்கூடும். அவரும் முகவருக்குப் பணம் கொடுத்து, அதே வங்கக் கடலைத் தாண்டி, சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்று வந்தவர்தான். கப்பலுக்குப் பதில் விமானம்; கங்காணியின் இடத்தில் ஏஜெண்ட். அவருடைய ஒப்பந்தத் தாளை யாராவது பத்திரப்படுத்துகிறார்களா என்று தோட்ட அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.